சிறு கடல்நீர்த் தொட்டிக்கு எந்த மணல்?

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது விளக்கைப் பற்றி, அடுத்தது மீனைப் பற்றி. அடியில் பரப்பும் மணல் கடையில் பணம் கொடுக்கும் நேரத்தில்தான் நினைவுக்கு வருகிறது. விளக்கை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். மீனைக்கூட நண்பருக்குக் கொடுத்துவிடலாம். பாறையும் உயிர்களும் குடியேறிவிட்ட தொட்டியில் மணலை மாற்றுவதுதான் பெரும்பாடு. ஆகவே இன்றைய பேச்சு முழுவதும் மணலைப் பற்றியே. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள, ஏறத்தாழ 54 லிட்டர் கொள்ளும் சிறு தொட்டியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மணல் வாங்கும் முன், அதில் யார் வாழப்போகிறார்கள் என்று முடிவு செய்யுங்கள். ஒரு ஜோடி கோமாளி மீன் மட்டும் போதும் என்றால் மணலே தேவையில்லை. மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் நம் விஞ்ஞானிகள் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் நுட்பத்தை உருவாக்கியிருக்கிறார்கள். அத்தகைய பொரிப்பகங்களில் தாய்மீன்கள் மணல் இல்லாத தொட்டியிலேயே வாழ்ந்து, ஓட்டிலோ மண்சட்டியிலோ முட்டையிடுகின்றன.

கோபி மீனும் பிஸ்டல் இறாலும் அப்படியல்ல. இறால் மணலில் வளை தோண்டும். கோபி வாசலில் காவல் இருக்கும். இறாலுக்குப் பார்வை மங்கல். அதனால் மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்போதெல்லாம் தன் நீண்ட உணர்கொம்பு ஒன்றை மீனின் உடம்பில் வைத்தபடியே வரும். ஆபத்து தெரிந்தால் மீன் வாலைச் சிறிதாக உதறும். அடுத்த நொடி இரண்டும் வளைக்குள் இருக்கும். ஒரு சிறு தொட்டியில் இதைவிட அழகான காட்சி எனக்குத் தெரியாது. இதற்கு நான்கைந்து சென்டிமீட்டர் மணலும், வளையின் கூரை இடியாமல் தாங்க ஆங்காங்கே சிறு கற்துண்டுகளும் வேண்டும். மணலைச் சலித்துத் தின்னும் நட்சத்திர மீனை மட்டும் சிறு தொட்டிக்கு வாங்காதீர்கள். மணலிலுள்ள சிற்றுயிர்களைத் தின்று தீர்த்துவிட்டுப் பட்டினியால் செத்துப்போகும்.

மணியின் பருமனைப் பொறுத்தவரை என் பரிந்துரை ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர்: ரவையைவிடச் சற்றுப் பருத்த மணிகள். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான பொடிமணல் கண்ணுக்கு வெண்மையாக, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சிறு தொட்டியில் பம்ப்புக்கும் தரைக்கும் இடைவெளி குறைவு என்பதால் நீரோட்டம் அதை ஒரு மூலையில் குவித்துவிடும். மாறாக, நான்கைந்து மில்லிமீட்டர் சில்லுகளின் இடுக்குகளில் தீனியும் கழிவும் இறங்கி அழுகும். அதிலிருந்து உண்டாகும் நைட்ரேட் என்ற கழிவு உப்பு நீரில் ஏறிக்கொண்டே போகும்.

அடுத்து, மணல் எங்கிருந்து வர வேண்டும்? இவ்வளவு நீளக் கடற்கரையை வைத்துக்கொண்டு மணலுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நம் கிழக்குக் கரை மணல் பெரும்பாலும் ஆறுகள் அடித்துக்கொண்டு வந்த குவார்ட்ஸ் என்ற படிகக்கல் மணல். கன்னியாகுமரிப் பக்கம் போனால் சிவப்பு கார்னெட்டும் கறுப்பு இல்மனைட்டும் கலந்திருக்கும். பவளத்திட்டுத் தொட்டிக்கு வழக்கமாகப் பயன்படுத்துவது ஆரகனைட் என்ற சுண்ணாம்பு மணல். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு தேக்கரண்டி மணலைக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டுச் சில சொட்டு வினிகர் விடுங்கள். குவார்ட்ஸ் அசையாமல் கிடக்கும். அங்கங்கே சிப்பித்தூள் இருந்தால் அந்த இடத்தில் மட்டும் குமிழி வரும். ஆரகனைட்டில் எல்லா மணிகளிலிருந்தும் குமிழிகள் கிளம்பும். பளிங்குக்கல் பொடியும் இப்படியே நுரைக்கும் என்பதால், கூடவே விரல்களுக்கிடையே தேய்த்தும் பாருங்கள். உடைத்த பளிங்கின் முனைகள் கூராக உறுத்தும். மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியே சலிக்கும் மீன்களுக்கு அது ஆகாது.

குவார்ட்ஸ் விஷமல்ல, கடல்நீரில் அநேகமாகக் கரைவதே இல்லை. ஆனால் நகரத்துக் கரையோர மணலில் சாக்கடையும் எண்ணெயும் கலந்திருக்கும். 54 லிட்டர் நீரில் அந்த அழுக்கு நீர்த்துப்போக இடமில்லை.

இராமேசுவரம், தூத்துக்குடிப் பக்கம் போய்ப் பவளத்துண்டு அள்ளி வரலாமே என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். கடினப் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. மன்னார் வளைகுடாவில் இருந்த 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் கடலுக்குள் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் ஆண்டுக்கணக்கில் பவளத்தை வெட்டியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். நம் கூடத்துத் தொட்டியை அழகுபடுத்த அந்தக் கடலிலிருந்து ஒரு பிடிகூட எடுக்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. பைகளில் விற்கும் ஆரகனைட் மணலில் ஒருவகை, பஹாமாஸ் பகுதியின் ஆழமற்ற கடலில் நீரிலுள்ள சுண்ணாம்பே அடுக்கடுக்காகப் படிந்து உருண்ட மணிகள். பவளத்தை உடைத்துச் செய்ததல்ல. வாங்கும்போது இன்ன மணல், எங்கே எடுத்தது என்று கேட்டு வாங்குங்கள்.

ஆரகனைட் போட்டுவிட்டால் தண்ணீரின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, தானாகவே நிலைத்து நிற்கும் என்று கடைகளில் சொல்வார்கள். முழுதாக நம்ப வேண்டாம். பி.எச். 8.2 அளவில் உள்ள கடல்நீர் ஏற்கெனவே சுண்ணாம்பு மிகுந்தது; அதில் ஆரகனைட் கரையாது. பவளம் வளர்ப்போர் சுண்ணாம்பைக் கரைக்கும் கருவிக்குள் கரியமில வாயுவைச் செலுத்தி பி.எச்.சை 6.5 அளவுக்கு இறக்குவது இதனால்தான். ஆகவே மணல் எதுவானாலும் காரத்தன்மையை நீங்கள்தான் அளந்து பார்த்துச் சரிசெய்ய வேண்டும். லைவ் சாண்ட், அதாவது பாக்டீரியாக்கள் உயிரோடு உள்ள மணல், என்று ஈரமாக அடைத்து விற்பதற்குக் கூடுதல் விலை கொடுப்பதும் அவசியமில்லை. நல்ல பாறையிலிருந்து பாக்டீரியாக்கள் தாமே மணலுக்கு இறங்கிவிடும்.

ஆழத்துக்கு வருகிறேன். மணலின் மேலடுக்கில் ஆக்சிஜன் உண்டு. அங்குள்ள பாக்டீரியாக்கள் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். ஆக்சிஜன் எட்டாத ஆழத்தில் வேறு பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றும். மொனாக்கோவில் ழான் ஜோபேர் என்ற விஞ்ஞானி இந்த அடிப்படையிலேயே கனத்த மணல்படுகையுடன் தொட்டிகளை நடத்திக்காட்டினார். அதைக் கேள்விப்பட்டவர்கள் சிறு தொட்டியிலும் பத்து சென்டிமீட்டர் மணல் கொட்டுகிறார்கள். ஓரடித் தொட்டியில் அது உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு! மீன் எங்கே நீந்தும்? மேலும், ஆழப்படுகையை ஓயாமல் கிளறிக் காற்றோட்டம் தரும் புழுக்களும் சிற்றுயிர்களும் சிறு பரப்பில் பெருகி நிலைப்பது கடினம். அவை குறைந்தால் அடியில் கறுத்த திட்டுகள் தோன்றும். தெரியாமல் கிளறினால் அழுகிய முட்டை நாற்றத்துடன் ஹைட்ரஜன் சல்ஃபைடு வெளிவரும். அவ்வளவு குறைந்த நீரில் அது மீன்களைக் கொன்றுவிடக்கூடும். வளை தோண்டும் உயிர்கள் இல்லாத தொட்டிக்கு மூன்று சென்டிமீட்டர் தாராளம். நாம் எடுத்துக்கொண்ட தொட்டிக்கு ஏறத்தாழ எட்டு கிலோ மணல் பிடிக்கும்.

பாறைகளை முதலில் கண்ணாடித் தரையில் அசையாமல் உட்கார வைத்துவிட்டு, பிறகு சுற்றிலும் மணலைப் பரப்புங்கள். மணல்மேல் பாறையை வைத்தால், இறால் அடியில் தோண்டும்போது அது சரியும்; தொட்டியே உடையலாம். உலர்ந்த மணலை நீர் தெளியும்வரை அலசிவிட்டுப் போடுங்கள். முதல் சில வாரங்களில் மணல்மேல் பழுப்பு நிறப் படலம் படரும். அது டயட்டம் என்ற நுண்பாசி. பெரும்பாலும் தானாகவே மறையும். பதறிப்போய் மணலை வெளியே எடுத்துக் கழுவிவிடாதீர்கள். வாரந்தோறும் தண்ணீர் மாற்றும்போது குழாயால் மணலின் கால் பங்கை மட்டும் மேலாக உறிஞ்சிச் சுத்தம் செய்தால் போதும். அடுத்த வாரம் அடுத்த கால் பங்கு. என்றாவது மணலை மாற்றியே தீர வேண்டும் என்றாலும் இதே கணக்குத்தான்: ஒரு தடவைக்குக் கால் பங்கு, நடுவில் இரண்டு வார இடைவெளி, ஒவ்வொரு முறையும் அம்மோனியாவை அளந்து பூஜ்யம் என்று தெரிந்த பிறகே அடுத்த பங்கு.

நன்றி, வணக்கம்.