மூணு சர்வரில் செஃப் ஸ்டோரேஜ்: நிறுவுவது முதல் சோதிப்பது வரை

[திரையில்: மூணு சர்வர்கள், ஒரே நெட்வொர்க்கில்]

வணக்கம். லினக்ஸ் ஓடுற மூணு சர்வரை ஒண்ணா சேர்த்து ஒரே ஸ்டோரேஜா மாத்துற செஃப் (Ceph) சாஃப்ட்வேரை இன்னிக்கு நிறுவப் போறோம். டிஸ்க் போனாலும், ஏன், ஒரு சர்வரே போனாலும் டேட்டா கையில இருக்கணும். அதுக்குத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

ஏன் மூணு? செஃப்ல மானிட்டர்னு ஒரு பகுதி உண்டு. எது உயிரோட இருக்கு, எது இல்லைங்கிற வரைபடம் அதுகிட்டதான் இருக்கும். மானிட்டர்கள்ல பாதிக்கு மேல ஒத்துப்போனாத்தான் வேலை நடக்கும். ரெண்டு மட்டும் வச்சு ஒண்ணு விழுந்துட்டா, மிச்சம் இருக்கிற ஒண்ணுக்குப் பெரும்பான்மை கிடையாது. எல்லாம் நின்னுடும்.

[திரையில்: டெர்மினல்]

மூணு சர்வர்லயும் பைத்தான் 3, டிஸ்க் இடத்தை நிர்வகிக்கிற எல்விஎம் 2, கன்டெய்னர்களை ஓட்டுற பாட்மேன் அல்லது டாக்கர், நேரத்தைச் சரியா வைக்க க்ரோனி, இதெல்லாம் போட்டுக்கோங்க. க்ரோனியை விட்டுடாதீங்க. மானிட்டர்களோட கடிகாரங்களுக்குள்ள 0.05 நொடிக்கு மேல வித்தியாசம் வந்தாலே செஃப் எச்சரிக்க ஆரம்பிச்சுடும். ஃபயர்வால்ல மானிட்டருக்கு 3300, 6789 போர்ட்டுகளையும், டிஸ்க்குகளுக்கு 6800-ல இருந்து மேல உள்ளதையும் திறந்து விடுங்க.

இப்ப முதல் சர்வர்ல மட்டும், செஃப்பை நிறுவுற கருவியான செஃப்அட்ம்-ஓட (cephadm) பூட்ஸ்ட்ராப் கட்டளை, அதாவது தொடக்கக் கட்டளை. கூடவே அந்த சர்வரோட ஐபி முகவரி. சில நிமிஷத்துல முதல் மானிட்டர் எழுந்து நிக்கும். கடைசில டாஷ்போர்டு முகவரியும் பாஸ்வேர்டும் திரையில வரும், குறிச்சு வச்சுக்கோங்க. அடுத்து, மத்த சர்வர்களுக்குள்ள நுழைய செஃப் உருவாக்கின எஸ்எஸ்ஹெச் பப்ளிக் கீயை மத்த ரெண்டு சர்வருக்கும் காப்பி பண்ணிட்டு, ஒவ்வொண்ணா சேருங்க. சேர்க்கும்போது கொடுக்கிற பேரும் அந்த சர்வரோட ஹோஸ்ட்நேமும் எழுத்து பிசகாம ஒண்ணா இருக்கணும்.

[திரையில்: டிஸ்க் பட்டியல்]

டிஸ்க் விஷயத்துல நிதானம் வேணும். பார்ட்டிஷனோ ஃபைல் சிஸ்டமோ இல்லாத வெறும் டிஸ்க்கைத்தான் செஃப் எடுத்துக்கும். கிடைக்கிற எல்லா டிஸ்க்கையும் சேர்த்துக்கோன்னு ஒரே கட்டளை இருக்கு. வசதிதான். ஆனா அது ஒரு தடவையோட முடியாது. நாளைக்கு நீங்க வேற வேலைக்குன்னு ஒரு புது டிஸ்க்கைச் சொருகினாலும், கேக்காம இழுத்துக்கும். அதனால எந்த சர்வர்ல எந்த டிஸ்க்னு பேர் சொல்லிச் சேர்க்கிறதையே நான் பரிந்துரைப்பேன்.

அடுத்து பூல், அதாவது டேட்டாவைப் போட்டு வைக்கிற தொகுப்பு. இங்க ரெண்டு எண்கள்தான் உங்க டேட்டாவைக் காப்பாத்தும். சைஸ் 3, அதாவது ஒவ்வொரு துண்டுக்கும் வேற வேற சர்வர்ல மூணு பிரதி. மின்சைஸ் (min_size) 2, அதாவது ரெண்டு பிரதியாவது உயிரோட இருந்தாத்தான் படிக்கவும் எழுதவும் விடும். இடம் மிச்சமாகுதேன்னு மின்சைஸை 1 ஆக்கிடாதீங்க. அதனால ஒரு பைட் கூட மிச்சமாகாது. ஒத்தைப் பிரதியில எழுதிட்டிருக்கும்போது அந்த டிஸ்க்கும் போச்சுன்னா, புதுசா எழுதினது அத்தனையும் போச்சு. மூணு பிரதி வைக்கிறதால, மொத்தம் 12 டெராபைட் போட்டா கைக்கு வர்றது 4 டெராபைட். அதுலயும் டிஸ்க் 85 சதவீதம் தொட்டதும் எச்சரிக்கை வரும். 95-ல எழுதுறதே நின்னுடும்.

[திரையில்: செஃப் நிலை அறிக்கை]

எல்லாம் ஓகேன்னு பச்சையில வந்ததும் முடிஞ்சதுன்னு எழுந்துடாதீங்க. முக்கியமான டேட்டா ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு சர்வரை நீங்களே அணைச்சுப் பாருங்க. நிலை மஞ்சளுக்கு மாறும். ஆனா ஃபைல் எழுதினா எழுதும். பத்து நிமிஷம் கழிச்சு, அந்த சர்வரோட டிஸ்க்குகளை செஃப் கணக்குல இருந்து எடுத்துட்டு, குறையுற பிரதிகளை வேற சர்வர்ல உருவாக்கப் பார்க்கும். நம்மகிட்ட மிச்சம் ரெண்டு சர்வர்தானே, மூணாவது பிரதிக்குப் போக இடமில்லை. அணைச்சதைத் திரும்ப ஏத்துற வரைக்கும் மஞ்சள் மாறாது. நாலாவது சர்வர் ஒண்ணு இருந்தா, நீங்க தொடாமலே மூணாவது பிரதி அங்க தானா உருவாகிடும். பட்ஜெட் இடம் கொடுத்தா, பெரிய டிஸ்க்குகளுக்கு முன்னாடி அந்த நாலாவது சர்வரை வாங்குங்க.