சைக்கிளும் சப்டைட்டிலும்

தலைமை வகிக்கும் அண்ணாச்சி அவர்களே, முன்னிலை வகிக்கும் நூலகர் அம்மா அவர்களே, நாற்காலியும் புரொஜெக்டரும் தந்த வாசகர் வட்டத்தாரே, மேலப்பாளையத்திலிருந்தும் பேட்டையிலிருந்தும் வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். பெயர் விட்டுப்போன பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

சற்றுமுன் பார்த்த ‘வஜ்தா’ என்ற சவுதி அரேபியப் படம் பற்றி மூன்று செய்தி: எடுத்த விதம், அந்நாட்டு வழக்கம், நாம் பார்க்கும் முறை. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்.

எடுத்த கதையைக் கேளுங்கள். 2012-இல் வந்தது, முழுக்கச் சவுதி மண்ணிலேயே எடுத்த முதல் முழுநீளப் படம். அங்கே சினிமா தியேட்டர் மறுபடி திறந்ததே 2018 ஏப்ரலில்தான். இயக்குநர் ஹைஃபா அல் மன்சூர் ஒரு பெண். அன்றைக்கு ரியாத் தெருவில் ஆண்களோடு நின்று அவர் வேலை வாங்க முடியாது. என்ன செய்தார்? வேனுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டார். கேமரா வெளியே, அம்மா உள்ளே; வாக்கிடாக்கியில்தான் அத்தனை உத்தரவும். நம்மூர் ஷூட்டிங்கில் ‘ஆக்‌ஷன்’ என்றால் தாமிரபரணிக்கு அக்கரையிலும் கேட்கும். அங்கே அந்தச் சத்தம் வேனைத் தாண்டக் கூடாது! (கைதட்டல்)

படத்தில் வஜ்தா என்ற சிறுமி கேட்பது 800 ரியால் சைக்கிள். அதற்காகவே 1000 ரியால் பரிசுள்ள குர்ஆன் ஓதும் போட்டியில் சேர்கிறாள். சைக்கிள் ஓட்டினால் பிள்ளை பிறக்காது என்கிறாள் தாய். அது வேதமா, ஊர் வழக்கமா? தீர விசாரிப்பதே மெய். புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் பெண்களைச் சைக்கிளில் ஏற்றியதையும் விரித்துச் சொல்லலாம், நேரமில்லை.

ஓதல் காட்சி மேலப்பாளையத் தாய்மார்களுக்குத் திரைக்கடியில் ஓடும் சப்டைட்டில் எழுத்து இல்லாமலே விளங்கியது. தஜ்வீத், அதாவது குர்ஆன் ஓதும் உச்சரிப்பு முறை, பிசகிய இடத்தில் உதடுகள் அசைந்தன. மற்ற நேரமெல்லாம் ஓடியது ஆங்கில எழுத்து. பக்கத்தில் இருப்பவர் சிரித்தால் நாமும் சிரித்தோம்.

தமிழ் எழுத்து போடுவது கஷ்டமில்லை. ஒரு தடவைக்கு இரண்டே வரி, வரிக்கு நாலைந்து சொல், ஆறு நொடிக்கு மேல் நிறுத்தக் கூடாது. எழுத்துக் கோப்பை யூடிஎஃப்-8 என்ற குறியீட்டு முறையில் சேமிக்காவிட்டால் எழுத்துக்குப் பதில் கேள்விக்குறி வரும். கொம்பு தனியே விலகி நின்றால் குற்றம் படம் ஓட்டும் பிளேயருடையது, மொழிபெயர்த்தவருடையது அல்ல. நொடிக்கு 25 பிரேம், அதாவது 25 தனிப்படம், என்ற கணக்கில் செய்த எழுத்தை 23.976 பிரேம் படத்தோடு ஓட்டினால், ஒரு மணி நேரத்தில் எழுத்து இரண்டரை நிமிடம் முந்திவிடும். மொத்தமாகத் தள்ளி வைத்தால் தீராது. பிரேம் கணக்கையே மாற்ற வேண்டும்.

தமிழ் எழுத்து போட முன்வருவோர் பெயர் எழுத வாசலில் நோட்டு வைத்திருக்கிறோம். ஆளுக்குப் பத்து நிமிடப் படம். எழுதியவரே சரிபார்க்கக் கூடாது. இன்னொருவர் சத்தமாக வாசிக்க வேண்டும். பேனாவும் அங்கேயே கட்டியிருக்கிறது.