ஸ்பேனரில் குழாய் மாட்டி முடுக்குபவர்களுக்கு

வணக்கம் நண்பர்களே. சென்ற வீடியோவில் பம்பைக் கழற்றினோம், இன்று திரும்ப மாட்டப் போகிறோம். மேசையில் 80 மி.மீ. குழாயின் ஃபிளாஞ்ச் (குழாய் முனையில் போல்ட் துளைகளோடு இருக்கும் வட்டத் தட்டு), 16 மி.மீ. போல்ட் எட்டு, இரண்டு ஃபிளாஞ்சுக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் ரப்பர் கேஸ்கெட், வைத்த முறுக்கு வந்ததும் ‘கிளிக்’ சொல்லும் டார்க் ரெஞ்ச் எல்லாம் இருக்கின்றன. மோட்டாரின் பேனல் அந்தச் சுவரில் இருக்கிறது, அங்கும் போவோம். ஸ்பேனரின் வாலில் இரண்டடிக் குழாயைச் செருகித் தொங்குபவர்கள் தயவுசெய்து நடுவில் எழுந்து போகாதீர்கள்.

முடுக்கும்போது போல்ட் மயிரிழை அளவு நீள்கிறது. நீண்டது பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. அந்த இழுப்புதான் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. ஆனால் ரெஞ்ச் இழுப்பைக் காட்டுவதில்லை, முறுக்கைத்தான் காட்டுகிறது. நீங்கள் போடும் முறுக்கில் ஏறத்தாழப் பாதியை நட்டின் அடியில் உள்ள உராய்வு தின்றுவிடும், இன்னொரு பெரும் பங்கை மரை தின்றுவிடும். மிஞ்சும் பத்தில் ஒரு பங்குதான் இழுப்பாக மாறுகிறது.

ஆகவே உராய்வு மாறினால் கணக்கே மாறிவிடும். தலையில் 8.8 என்று வலிமை வகுப்பைக் குத்திய 12 மி.மீ. போல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த மரையில் 80 நியூட்டன் மீட்டர் (முறுக்கை அளக்கும் அலகு) முடுக்கினால் ஏறத்தாழ 3.4 டன் இழுப்பு கிடைக்கும். அதே போல்ட்டின் மரையில் மாலிப்டினம் பசையைத் தடவிவிட்டு அதே 80 வரை முடுக்கினால் இழுப்பு ஐந்தரை டன்னைத் தாண்டும். இந்தப் போல்ட் நிரந்தரமாக நீண்டுவிடாமல் தாங்குவதே ஐந்து டன் சொச்சம்தான். ரெஞ்ச் சரியாக 80 என்று ‘கிளிக்’ சொல்லியிருக்கும், போல்ட் கெட்டுப்போயிருக்கும். அட்டவணையில் எண்ணைப் பார்ப்பதற்கு முன்பு அது உலர்ந்த மரைக்கா எண்ணெயிட்ட மரைக்கா என்று பாருங்கள். தெரியாமல் கிரீஸ் தடவுவதைவிடத் தடவாமல் இருப்பது மேல்.

இப்போது ஃபிளாஞ்ச். 16 மி.மீ. 8.8 போல்ட் 200 நியூட்டன் மீட்டர் வரை தாங்கும். ஆனால் இந்தப் பம்பின் கையேட்டில் 60 என்றுதான் இருக்கிறது. ஏன்? போல்ட் தாங்கினாலும் வார்ப்பிரும்பு ஃபிளாஞ்ச் தாங்காது, ரப்பரும் பிதுங்கி வெளியே வந்துவிடும். எதிரிலிருக்கும் ஃபிளாஞ்சின் முகம் நடுவில் மேடாக இருந்தால் இன்னும் மோசம். ஓரத்தில் இடைவெளி விட்டு நிற்கும் வார்ப்பிரும்பைப் போல்ட் வளைக்கப் பார்க்கும், போல்ட் துளை இருக்கும் காது உடைந்துவிடும். இரண்டு முகமும் தட்டையாக, கேஸ்கெட் போல்ட் துளைகளையும் சேர்த்து முழு முகத்துக்கும் இருக்க வேண்டும்.

வரிசையைக் கவனியுங்கள். கடிகாரச் சுற்றில் 1 முதல் 8 வரை சுண்ணக்கட்டியால் எழுதியிருக்கிறேன். எல்லாவற்றையும் கையால் ஓட்டியாயிற்று. முடுக்கும் வரிசை 1, 5, 3, 7, பிறகு 2, 6, 4, 8. முதல் சுற்று 20, இரண்டாவது 40, மூன்றாவது 60. கயிற்றுக் கட்டிலில் ஒரு கயிற்றை இழுத்தால் பக்கத்துக் கயிறு தொய்வதுபோல, ஒரு போல்ட்டை முடுக்கியதும் அடுத்த போல்ட்டின் இழுப்பு குறையும். அதனால்தான் கடைசியாக 60-லேயே வட்டமாக ஒரு சுற்று வருகிறேன். பாருங்கள், 3 இன்னும் நகர்கிறது. ஒன்றுகூட நகராத வரை சுற்ற வேண்டும். ரப்பர் கொஞ்சம் அமர்ந்துவிடும் என்பதால் நான்கு மணி நேரமாவது கழித்து, குளிர்ந்த நிலையில், இன்னொரு முறை பார்ப்பேன்.

ரெஞ்சைப் பற்றி இரண்டு வார்த்தை. கைப்பிடியின் நடுவில் பிடியுங்கள். முதல் கிளிக்கில் நிறுத்துங்கள், உறுதிக்காக இன்னொரு தடவை கிளிக் செய்வது கூடுதல் முறுக்கு. இதைக் கொண்டு போல்ட்டைக் கழற்றாதீர்கள். வேலை முடிந்ததும் அளவைக் கீழ்க்கோடு வரை இறக்கி வையுங்கள்.

சரி, பேனலுக்கு வருகிறேன். மெயின் அணைத்து, பூட்டுப் போட்டு, டெஸ்டரில் மூன்று ஃபேஸையும் பார்த்தாயிற்று.

வரும் கேபிள் அலுமினியம், அது சேரும் பஸ்பார், அதாவது மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பட்டை, செம்பு. அலுமினியம் மென்மையானது, அழுத்தினால் மெல்ல மெல்ல ஒதுங்கிப் போகும். சூட்டில் போல்ட்டின் எஃகைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். மோட்டார் ஓடும்போது விரிந்து போல்ட்டுக்கு அடியில் பிதுங்குகிறது, நின்றதும் சுருங்குகிறது, பிடி தளர்கிறது. தளர்ந்த இடத்தில் மின்தடை ஒரு மில்லி ஓம் ஏறினாலும் 100 ஆம்பியரில் 10 வாட் சூடு. நகக்கண் அளவு இடத்தில் 10 வாட் என்பது சிறிதல்ல. கருகிய லக்குகளை (கேபிள் முனையில் மாட்டும் துளையுள்ள உலோக முனை) பார்த்து ‘லோடு அதிகம்’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள், எனக்கு எரிச்சலாக வரும்.

இங்கே இன்னும் பலமாக முடுக்குவது நோயை வளர்க்கும். அலுமினியமும் செம்பும் சேர்ந்த இருஉலோக லக் போடுங்கள். முகத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து உடனே காண்டாக்ட் பசை தடவுங்கள், மரையில் வேண்டாம், காரணம் சொல்லிவிட்டேன். பிறகு தட்டை வாஷர், அதன்மேல் கிண்ண வாஷர், குழிந்த பக்கம் லக்கை நோக்கி. அலுமினியம் ஒதுங்கினாலும் இந்தக் கிண்ணம் அழுத்திக்கொண்டே இருக்கும்.

மோட்டார் டெர்மினலில் பித்தளை ஸ்டட், அதாவது தலையில்லாத மரைக் கம்பி. 8 மி.மீ. எஃகுக்கு 25 போடுவீர்கள், பித்தளைக்கு அதைவிட வெகு குறைவு. கையேட்டின் எண்தான் சட்டம். அடி நட்டை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு மேல் நட்டை முடுக்குங்கள், இல்லாவிட்டால் ஸ்டட்டே சுழலும். எம்.சி.பி.க்கு (மின்சாரம் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) உரிய அளவு அதன் பக்கவாட்டிலோ தாளிலோ அச்சாகியிருக்கும். ஸ்க்ரூடிரைவர் வகை டார்க் கருவி அதற்குப் போதும்.

முடித்ததும் நட்டிலிருந்து பஸ்பார் வரை பெயிண்டால் ஒரு கோடு. நகர்ந்தால் கோடு முறியும், கண்ணாலேயே தெரியும்.

வருடத்துக்கு ஒரு முறை பேனலைத் திறந்து எல்லாவற்றையும் ஒரு சுற்று முடுக்கும் வழக்கத்தை நான் பின்பற்றுவதில்லை. லோடு ஓடும்போது வெப்பக் கேமராவில் மூன்று ஃபேஸையும் ஒப்பிடுகிறேன். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் மின்சாரத்தை நிறுத்தி, கழற்றி, முகத்தைச் சுத்தம் செய்து, புது வாஷர் போட்டு முதலிலிருந்து மாட்டுகிறேன்.