பதினெட்டு வயதுக்குப் பிறகு ஆஸ்திரேலியக் கால்பந்தில் வீரராக முடியுமா? – நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து பற்றி நேயர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "சிறு வயது முதல் அந்த முட்டை வடிவப் பந்தோடு வளராத ஒருவர், வாலிப வயதில் அங்கே போய்த் தொழில்முறை வீரராக முடியுமா? அப்படி யாரேனும் சாதித்திருக்கிறார்களா?" முடியும். சாதித்தவர்களில் தலையாயவர் ஜிம் ஸ்டைன்ஸ் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே அவருடைய ஆட்ட வாழ்க்கையை வைத்தே விளக்குகிறேன்.

ஸ்டைன்ஸ் 1966-இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிறந்தவர். அவர் ஆடி வளர்ந்தது கேலிக் கால்பந்து. அதிலும் பந்தைக் கையால் பிடிக்கலாம், காலால் உதைத்துத் தோழருக்கு அனுப்பலாம். இந்த ஒற்றுமையைக் கண்டுதான் மெல்பர்ன் அணியின் பயிற்சியாளர் ரான் பராசியும் நிர்வாகமும், உயரமான ஐரிஷ் இளைஞர்களை அழைத்து வந்து பழக்கிப் பார்க்க முடிவு செய்தார்கள். அவ்வாறு 1984-இல் ஸ்டைன்ஸ் மெல்பர்ன் வந்தபோது அவருக்கு வயது 18. ஆனால் கேலிக் கால்பந்தின் பந்து உருண்டையானது. ஆஸ்திரேலியப் பந்து தரையில் பட்டால் எந்தப் பக்கம் எகிறும் என்று பழகியவர்களாலேயே ஊகிக்க முடியாது. ஓடும்போது குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை அதைத் தரையில் தட்டி எடுத்தாக வேண்டும். எதிராளி பாய்ந்து கட்டிப் பிடித்து வீழ்த்துவதற்கும் விதி இடம் தருகிறது. இவற்றையெல்லாம் கற்று, கீழ்நிலைப் போட்டிகளில் ஆடித் தேறி, 1987-இல்தான் அவர் முதன்மை அணியில் இடம் பிடித்தார்.

அதே ஆண்டு நடந்த ஒரு நிகழ்ச்சியை நேயர்கள் அவசியம் அறிய வேண்டும். 1964-க்குப் பிறகு முதன்முறையாக இறுதிச் சுற்றுகளுக்குள் நுழைந்திருந்த மெல்பர்ன் அணி, ஹாதோர்ன் அணியை வென்றால் இறுதிப் போட்டிக்குப் போய்விடும் என்ற நிலையில், சில புள்ளிகள் முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் ஹாதோர்னின் கேரி பக்கனாராவுக்கு ஒரு தனி உதை கிடைத்தது. கோல் கம்பங்களோ எளிதில் எட்டாத தொலைவில் இருந்தன. அப்போது தன் எதிராளியைத் தொடர்ந்து ஓடிய ஸ்டைன்ஸ், உதைக்கப் போகிறவருக்கும் அவருக்கு எதிரே நிற்பவருக்கும் நடுவில் குறுக்கே கடந்துவிட்டார். அது விதிமீறல். நடுவர் பந்தை 15 மீட்டர் முன்னே கொண்டுபோகச் சொன்னார். பக்கனாரா உதைத்தார், கோல் விழுந்தது, மெல்பர்ன் 2 புள்ளிகளில் தோற்றது. ஆஸ்திரேலியாவில் பிறந்த பத்து வயதுச் சிறுவன்கூட அந்த இடத்தில் குறுக்கே போகாமல் நின்றிருப்பான். கைத்திறனையும் கால்திறனையும் மூன்றாண்டுகளில் கற்றுவிடலாம். விதிகள் யோசிக்காமலே உடம்பில் ஊற இன்னும் நாளாகும் என்பதைத்தான் நான் இதில் பார்க்கிறேன்.

பலர் அத்தோடு ஊருக்குத் திரும்பியிருப்பார்கள். ஸ்டைன்ஸோ நான்கே ஆண்டுகளில், 1991-இல், அவ்விளையாட்டின் மிக உயர்ந்த தனிநபர் விருதான பிரவுன்லோ பதக்கத்தை வென்றார். ஒவ்வோர் ஆட்டத்திலும் சிறந்த மூவருக்குக் கள நடுவர்கள் இடும் வாக்குகளைக் கூட்டி வழங்கப்படும் விருது அது. அவர் ஆடிய இடம் 'ரக்'. நடுவர் பந்தை உயர எழுப்பும்போது குதித்து அதைத் தன் அணியினர் பக்கம் தட்டிவிடுவது அந்த நெட்டையர்களின் வேலை. தட்டிவிட்டு மெல்ல நடப்பதே அக்காலத்தில் பலருக்கும் வழக்கமாக இருந்தது. ஸ்டைன்ஸ் தட்டிவிட்ட பந்தின் பின்னாலேயே ஓடினார். மைதானத்தின் மறுமுனையிலும் போய் நின்று பந்தை வாங்கினார். கேலிக் கால்பந்து தந்த அந்த ஓட்டத்தால், மெல்பர்னுக்கு நடுக்களத்தில் ஓர் ஆள் கூடுதலாகக் கிடைத்தது போலாயிற்று. அந்நியர் என்பது அவருக்குக் குறையாக அல்ல, பலமாகவே அமைந்தது என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொரு சாதனை என்னை இன்றும் வியக்க வைக்கிறது. ஓர் ஆட்டம்கூடத் தவறாமல் தொடர்ச்சியாக 244 ஆட்டங்கள் ஆடினார். மோதலே தொழிலான அந்த இடத்தில் விலாவிலும் முழங்காலிலும் அடிபடாத வீரர் கிடையாது. அவருக்கும் பட்டது, இருந்தும் அடுத்த வாரம் களத்தில் நின்றார். 1998-இல் ஓய்வு பெற்றபோது மொத்தம் 264 ஆட்டங்கள் ஆகியிருந்தன. ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே, 1994-இல், இளையோருக்காக 'ரீச்' அறக்கட்டளையைத் தொடங்கினார். 2008-இல் கடனில் தத்தளித்த மெல்பர்ன் அணிக்குத் தலைவராகி, மறு ஆண்டு புற்றுநோய் கண்டறியப்பட்ட பின்பும் அந்தக் கடனை அடைக்கும் முயற்சியை முன்நின்று நடத்தினார். 2012 மார்ச்சில் 45 வயதில் மறைந்தபோது விக்டோரியா மாநிலம் அவருக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடத்தியது.

அவருக்குப் பின் அந்த வழியில் வந்த டைக் கென்னலி, 2005-இல் சிட்னி ஸ்வான்ஸ் அணியோடு கோப்பையையும், 2009-இல் கெர்ரி அணிக்காக அயர்லாந்தின் கேலிக் கால்பந்துப் பட்டத்தையும் வென்றார். வயதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள் அல்லவா? அயர்லாந்தின் மேயோ மாவட்டக் கேலிக் கால்பந்து வீராங்கனை கோரா ஸ்டாண்டன், ஆஸ்திரேலியக் கால்பந்தின் பெண்கள் லீகில் ஜி.டபிள்யூ.எஸ். ஜயன்ட்ஸ் அணிக்காக முதல் ஆட்டம் ஆடியது 2018-இல். அப்போது அவருக்கு வயது 36.