தோற்றால் தாங்குமா ஊர்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

சிறிய நகரம் ஒன்றின் நடுக் கடைத்தெரு களையிழந்து கிடக்கிறது. அதை மீட்கும் வழி, பழையதை இடித்துவிட்டு மொத்தமாகப் புதிதாய்க் கட்டுவதா, இருப்பதைச் செப்பனிட்டுப் படிப்படியாக வளர்ப்பதா? இதுதான் தலைப்பு. படிப்படியாக வளர்ப்பதே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய நண்பர் கண்ணாடிக் கட்டடங்கள், அடுக்குமாடி வாகன நிறுத்தம், நீரூற்று என்று சொற்களாலேயே ஒரு நகரத்தைக் கட்டிவிட்டார். கேட்கக் கேட்க எனக்கே அங்கே குடியேறிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் நடுவர் அவர்களே, இத்தகைய திட்டப் படங்களை உற்றுப் பாருங்கள். வானம் எப்போதும் நீலமாகவே இருக்கும். நட்ட அன்றே மரங்கள் நிழல் தரும். ஒரு கடையிலாவது 'வாடகைக்கு விடப்படும்' என்ற பலகை தொங்காது.

பெரிய நகரம் ஒரு திட்டத்தில் தோற்றால் மற்றப் பகுதிகளின் வருமானத்தைக் கொண்டு சமாளித்துக்கொள்ளும். சிறிய நகரத்துக்கு இருப்பது ஒரே ஒரு நடுப்பகுதி. அதை முழுவதுமாக ஒரே திட்டத்தில் அடக்கி, வரப்போகும் ஒரு நிறுவனத்தை நம்பிப் பணயம் வைத்தால், தோற்ற பிறகு மிஞ்சுவது கடனும் காலி மனையும்தான்.

கற்பனையாகச் சொல்லவில்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நியூ லண்டன் என்று ஒரு நகரம். மக்கள்தொகை முப்பதாயிரத்துக்கும் குறைவு. ஃபைசர் மருந்து நிறுவனம் அங்கே ஆராய்ச்சி மையம் அமைத்தது. அதை ஒட்டிய பகுதியில் விடுதியும் அலுவலகங்களும் புதிய வீடுகளும் எழுப்பலாம் என்று நகராட்சி திட்டமிட்டு, குடியிருந்தவர்களின் வீடுகளைக் கையகப்படுத்தக் கிளம்பியது. சூசெட் கெலோ என்ற பெண்மணியும் அண்டை வீட்டார் சிலரும் உச்ச நீதிமன்றம் வரை போராடினார்கள். 2005ஆம் ஆண்டு ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நகராட்சி வென்றது. வீடுகள் அகன்றன. 2009ஆம் ஆண்டு, நகரத்தை விட்டு வெளியேறப்போவதாக ஃபைசர் அறிவித்தது. வீடுகள் இருந்த இடத்தில் ஆண்டுக்கணக்காகப் புல்தான் வளர்ந்தது. அது குடியிருப்பு, இது கடைத்தெரு என்று எதிரணி மறுக்கலாம். எதை இடித்தார்கள் என்பது இங்கே கேள்வியே இல்லை. யாரை நம்பி இடித்தார்கள் என்பதுதான் கேள்வி.

சரி, எல்லாம் நினைத்தபடியே நடந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கட்டுவதற்கு இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்தத் தெருவில் பிழைத்தவர்கள் எங்கே போவார்கள்? "கட்டி முடித்ததும் உங்களுக்கே முன்னுரிமை" என்று சொல்வார்கள். முன்னுரிமை கிடைக்கத்தான் செய்யும். பழைய வாடகை கிடைக்காது. புதிய கட்டடம் தன் கடனையும் வட்டியையும் வாடகையிலிருந்துதான் அடைக்க வேண்டும். கடன் எப்போதோ தீர்ந்துபோன பழைய கட்டடத்துக்கு அந்தச் சுமை இல்லை. அதனால்தான் தையற்காரரும், கடிகாரம் பழுதுபார்ப்பவரும், கையில் கொஞ்சம் பணத்தோடு முதல் கடை திறக்கும் இளைஞரும் பழைய கட்டடங்களில் இருக்கிறார்கள். புதிய வளாகத்தின் வாடகை பெரும் தொடர் நிறுவனங்களுக்குத்தான் கட்டுப்படியாகும். அவையோ விற்பனை சற்று சரிந்தாலும் தலைமையகத்தில் ஒரு கையெழுத்தோடு கடையை மூடிவிடும்.

கார் ஓடாத கடைத்தெருவை எதிரணித் தலைவர் புகழ்ந்தார். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் அது உருவான விதத்தை அவர் சொல்லவில்லை. மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரம் 1959ஆம் ஆண்டு நடுத்தெருவைக் கார்களுக்கு மூடி, அமெரிக்காவுக்கே முன்மாதிரி ஆனது. அதைப் பார்த்து ஏறத்தாழ 200 ஊர்கள் தெருவைப் பெயர்த்து, கல் பதித்து, பூந்தொட்டி வைத்தன. பெரும்பாலான ஊர்கள் பிறகு மறுபடியும் செலவழித்து அதே தெருவைக் கார்களுக்குத் திறந்தன. கலமசூவே 1998ஆம் ஆண்டு ஒரு பகுதியைத் திறந்துவிட்டது. டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகன் பெரிய நகரம். இருந்தும் அது 1962ஆம் ஆண்டு ஸ்ட்ரோயெட் தெருவைச் சோதனையாகத்தான் மூடியது. "நாம் டேனியர்கள், இத்தாலியர்கள் அல்ல, தெருவில் உலாவ யார் வருவார்கள்?" என்று எதிர்த்தார்கள். மக்கள் வந்தார்கள். 1964ஆம் ஆண்டு அது நிரந்தரமானது. பலிக்காமல் போயிருந்தால் தடுப்பை நகர்த்திவிட்டுப் பழையபடி வண்டி ஓட்டியிருக்கலாம். திரும்பி வர வழி வைத்துக்கொண்டு நடந்தார்கள் என்பதைத்தான் நான் அடிக்கோடிடுகிறேன்.

வாகன நிறுத்தம் பற்றி ஒன்று சொல்லிக் கடக்கிறேன். இடமே இல்லை என்கிறார்கள். கடை வாசலில் காலையிலிருந்து இரவு வரை அசையாமல் நிற்கும் வண்டி யாருடையது என்று விசாரித்துப் பாருங்கள். பல நேரம் அது கடைக்காரருடையதாகவே இருக்கும்! கலிபோர்னியாவின் பழைய பசடேனா பகுதியில் 1993ஆம் ஆண்டு நிறுத்தக் கட்டண மீட்டர்கள் வைத்தார்கள். அந்த வருமானத்தை அதே தெருக்களின் நடைபாதைக்கும் விளக்குக்கும் துப்புரவுக்கும் திருப்பினார்கள். வாசலிலேயே பலன் தெரிந்தபோது வணிகர்களின் எதிர்ப்பு அடங்கியது.

படிப்படியாக என்றால் கைகட்டி உட்கார்ந்திருப்பது என்று பொருள் இல்லை. 1977ஆம் ஆண்டு அமெரிக்காவின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளை கேல்ஸ்பர்க், மேடிசன், ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற மூன்று சிறிய நகரங்களின் கடைத்தெருக்களை மீட்க ஒரு முயற்சி தொடங்கியது. ஊருக்கு ஒரு முழுநேர மேலாளரை அமர்த்தினார்கள். வணிகர்களை ஒன்றுசேர்த்தார்கள், பழைய முகப்புகளைச் சீராக்கினார்கள், காலிக் கடைகளுக்கு ஆள் தேடினார்கள். அந்த முறை இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களுக்குப் பரவியிருக்கிறது. இன்னும் மலிவான வேலையும் உண்டு. கடைகளுக்கு மேல் மாடிகள் பூட்டிக் கிடக்கின்றன. ஒரு வீட்டுக்கு இத்தனை வண்டி நிறுத்தும் இடம் கட்டாயம் என்ற விதியைத் தளர்த்தினாலே அவற்றில் பல குடும்பங்கள் குடியேறலாம். குடியிருப்பவர் இருந்தால் கடை மூடிய பிறகும் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும்.

எதிரணிக்கு இரண்டை விட்டுக்கொடுக்கிறேன். இடிந்து விழும் நிலையில் உள்ள கட்டடத்தை இடிக்கத்தான் வேண்டும். நிலத்தடிக் குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்கம்பி வேலைகளை ஒன்றாகவே முடிக்க வேண்டும். துறைக்கு ஒரு முறை தெருவைத் தோண்டினால் எந்த வணிகரும் தாங்கமாட்டார். இவற்றைத் தவிர மற்ற எதற்கும் தெரு முழுவதையும் ஒரே நாளில் காலி செய்யத் தேவையில்லை.

எனக்குப் பின் பேச வரும் நண்பர் ஒரு கேள்விக்கு மட்டும் விடை சொல்லட்டும். வருவதாக வாக்களித்த நிறுவனம் வராவிட்டால், திட்டத்துக்கு வாங்கிய கடனை நகராட்சி எந்த வருமானத்திலிருந்து அடைக்கும்? தொகையைச் சொல்லி, வழியையும் அவர் காட்டிவிட்டால், நடுவர் அவர்களே, தீர்ப்பை அவர்கள் பக்கமே தாருங்கள், நான் தடுக்கமாட்டேன். நன்றி, வணக்கம்.