அந்த 14 லட்சத்தைச் சம்பாதித்தது யார்?

நண்பர்களே, வணக்கம். கால்பந்து பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் பாதிப் பேர் மெஸ்ஸியை நினைத்திருப்பீர்கள். நான் பேச வந்தது வேறு. தலைக்கவசமும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுவார்களே, அந்த அமெரிக்கன் ஃபுட்பால். அதிலும் கல்லூரி மாணவர்கள் ஆடுவது. கல்லூரி ஆட்டம்தானே என்று சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள், மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் ஒரு லட்சத்து ஏழாயிரம் பேர் உட்காரலாம், சனிக்கிழமை ஆட்டம் என்றால் அத்தனை இடமும் நிரம்பிவிடும்.

2024 செப்டம்பர் 7, அப்படி ஒரு சனிக்கிழமை. இண்டியானா மாநிலத்தில் நோட்டர் டேம் பல்கலைக்கழகம், நாட்டின் தரவரிசையில் அப்போது 5-வது இடம். எதிரே நார்தர்ன் இல்லினாய், சிகாகோவுக்கு மேற்கே டிகால்ப் என்ற சிறிய ஊரிலிருந்து வந்த அணி. 28 புள்ளி வித்தியாசத்தில் தோற்பார்கள் என்பது பந்தயக்காரர்களின் கணக்கு. ஆட்டம் முடிய 31 விநாடி இருக்கும்போது, 35 கஜ தூரத்திலிருந்து நார்தர்ன் இல்லினாய் உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போனது, 16-14 என்று முன்னே போய்விட்டார்கள். கடைசியில் நோட்டர் டேம் மிக நீண்ட தூரத்திலிருந்து ஒரு உதை முயன்றது, அதையும் கை தூக்கித் தடுத்துவிட்டார்கள். அப்புறம் நார்தர்ன் இல்லினாய் பயிற்சியாளர் தாமஸ் ஹாமக் மைக் முன்னால் நின்று பேச முடியாமல் அழுதார். அவர் அதே கல்லூரியில் படித்து, அதே சட்டை போட்டு ஆடியவர். பால்டிமோர் ரேவன்ஸ் என்ற தொழில்முறை அணியில் இருந்த வேலையை விட்டுவிட்டு 2019-இல் தன் பழைய கல்லூரிக்கே திரும்பி வந்தவர். அந்த அழுகையை நான் நாலைந்து முறை திரும்பத் திரும்பப் பார்த்தேன், ஒவ்வொரு முறையும் எனக்கும் தொண்டை அடைத்தது.

அந்த ஆட்டத்துக்கு வந்து ஆடுவதற்காக நோட்டர் டேம் நார்தர்ன் இல்லினாய்க்குக் கொடுத்தது 14 லட்சம் டாலர். ஜெயிப்பதற்கு யாரும் பணம் கொடுக்கவில்லை. வந்து ஆடிவிட்டுப் போவதற்குத்தான், வந்தால் தோற்றுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் கொடுத்தார்கள். இதற்கு அங்கே கேரண்டி கேம் என்று பெயர், பை கேம் என்றும் சொல்வார்கள், விலைக்கு வாங்கிய ஆட்டம்.

இது ஏன் நடக்கிறது என்று பார்ப்போம். பெரிய அணிக்கு ஒரு பருவத்தில் 12 ஆட்டம். எட்டோ ஒன்பதோ தன்னுடைய கான்ஃபரன்ஸுக்குள், அதாவது தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் கல்லூரிகளின் கூட்டமைப்புக்குள், அதில் பாதி வெளியூரில். மீதி மூன்று நான்கை அவர்களே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். உள்ளூரில் ஆடினால் டிக்கெட், வண்டி நிறுத்தக் கட்டணம், தின்பண்டம் என்று கோடிக்கணக்கில் வரவு, அந்த வார இறுதியில் ஊரின் ஓட்டல்களெல்லாம் நிரம்பும். சமமான அணியைக் கூப்பிட்டால், அடுத்த தடவை நீ என் ஊருக்கு வா என்பான். சின்ன அணி அப்படிக் கேட்காது, பணம் கொடுத்தால் போதும். இன்னொன்று, பருவம் முடிந்து நடக்கும் ‘பவுல்’ (bowl) என்ற சிறப்பு ஆட்டங்களுக்குத் தகுதி பெறப் பொதுவாக 6 வெற்றி வேண்டும், அதில் ஒன்று கீழ்ப்பிரிவு அணியைத் தோற்கடித்ததாகவும் இருக்கலாம். ஆக காசு கொடுத்து வாங்குவது ஒரு சனிக்கிழமையையும் ஒரு வெற்றியையும்.

சின்னக் கல்லூரிக்கு என்ன கிடைக்கிறது? ஓஹியோவின் கென்ட் ஸ்டேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2022-இல் ஒரே பருவத்தில் வாஷிங்டன், ஓக்லஹோமா, ஜார்ஜியா மூன்று இடத்துக்கும் போய் ஆடி, மொத்தம் 50 லட்சம் டாலருக்கு மேல் கொண்டுவந்தார்கள். அந்தப் பணத்தில்தான் வாலிபால், நீச்சல், ஓட்டம் என்று வருமானமே இல்லாத மற்ற விளையாட்டுகளும் பிழைக்கின்றன, மாணவர்களின் கட்டணத்தில் ஏறும் பாரமும் கொஞ்சம் குறைகிறது. இதை நான் குறைவாகப் பேச மாட்டேன். கீழே இருப்பவன் வீட்டில் அடுப்பு எரிகிறது என்றால் அதை ஊதி அணைக்க நான் யார்?

ஆனால் அதே கென்ட் ஸ்டேட் 2024 செப்டம்பரில் டென்னசியில் 71-0, அடுத்த வாரமே பென் ஸ்டேட்டில் 56-0. அந்தப் பருவத்தில் ஆடிய 12 ஆட்டத்திலும் தோல்வி. அந்த இரண்டு சனிக்கிழமைகளில் களத்தில் நின்ற பையன்களை நினைத்துப் பாருங்கள், 19, 20 வயது.

சவானா ஸ்டேட் கதை இதைவிட மோசம். ஜார்ஜியாவில் உள்ள சிறிய கறுப்பினப் பல்கலைக்கழகம், விளையாட்டுத் துறை கடனில் தள்ளாடிக்கொண்டிருந்தது. 2012-இல் அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் ஓக்லஹோமா ஸ்டேட்டுக்கும் ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கும் போனார்கள், இரண்டுக்குமாகச் சேர்த்து 8 லட்சத்து 60 ஆயிரம் டாலர். முதல் ஆட்டம் 84-0. இரண்டாவதில் 70 புள்ளிக்கு மேல் வித்தியாசம் வரும் என்று கணித்தார்கள், மூன்றாம் கால்பகுதியில் இடியும் மின்னலும் வந்து ஆட்டத்தை நிறுத்தியபோது 55-0. வானமே இரக்கப்பட்டு நிறுத்தியது என்றுதான் எனக்குத் தோன்றியது. அடுத்த ஆண்டு மயாமியில் 77-7, அங்கே கடைசிக் கால்பகுதியைப் 12 நிமிடமாகக் குறைத்தே விட்டார்கள். 2019-இல் அந்தக் கல்லூரி முதல் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்கு இறங்கிப்போனது.

ஸ்கோரை விடுங்கள், ஸ்கோர் மறந்துபோகும். 2015-இல் சதர்ன் பல்கலைக்கழகம் ஜார்ஜியாவுக்குப் பணத்துக்காக ஆடப் போனபோது, பந்து உதைத்துத் திருப்பும் ஒரு நேரத்தில் நடந்த மோதலில் ஒரு மாணவருக்குக் கழுத்தெலும்பு முறிந்தது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. ஜார்ஜியாவில் நல்ல மனதுக்காரர்கள் பணம் திரட்டி, சக்கர நாற்காலி புழங்கும்படியான வீடு ஒன்றைக் கட்டிக் கொடுத்தார்கள். அது பெரிய விஷயம், மறுக்கவில்லை. இப்படி ஒரு விபத்து சமமான அணிகளுக்கு இடையிலும் நடக்கும், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்தப் பையன் அன்றைக்கு அங்கே ஏன் இருந்தார்? அவருடைய கல்லூரிக்கு அந்தப் பணம் தேவைப்பட்டது, அதனால் இருந்தார்.

என் பேச்சின் மையம் இதுதான். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது இரண்டு நிர்வாகங்கள், பல வருடம் முன்னாலேயே. தேதி, தொகை, எத்தனை இலவச டிக்கெட், ரத்து செய்தால் எவ்வளவு இழப்பீடு, எல்லாம் அதில் இருக்கும். உடம்பைக் கொடுக்கப் போகிற மாணவன் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருப்பான்.

அந்த உடம்புகளின் விலை எப்படி ஏறியிருக்கிறது பாருங்கள். 2007 செப்டம்பர் 1, மலைப்பக்கம் பூன் என்ற ஊரிலிருந்து அப்பலாச்சியன் ஸ்டேட் 4 லட்சம் டாலருக்கு மிச்சிகனுக்குப் போனது. கடைசி விநாடியில் மிச்சிகன் உதைத்த பந்தை அப்பலாச்சியன் வீரர் கோரி லின்ச் தடுத்து, கையில் எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓட, 34-32. ஊரில் இருந்த மாணவர்கள் சொந்த மைதானத்தின் கோல் கம்பத்தைப் பிடுங்கித் தோளில் சுமந்துபோய்ப் பல்கலைக்கழகத் தலைவர் வீட்டு வாசலில் போட்டார்கள். அதே அணி 2022-இல் டெக்சஸ் ஏ அண்ட் எம்முக்குப் போனபோது 15 லட்சம், அங்கேயும் 17-14 என்று ஜெயித்தது. அதே நாளில் ஜார்ஜியா சதர்ன் 14 லட்சத்துக்கு மேல் வாங்கிக்கொண்டு நெப்ராஸ்காவை 45-42 என்று வீழ்த்தியது. மறுநாள் நெப்ராஸ்கா தன் பயிற்சியாளரை நீக்கி, அவருக்கு ஒப்பந்தப்படி ஒன்றரைக் கோடி டாலர் கொடுத்து அனுப்பியது. ஜெயித்த பையன்களுக்கு அந்த ஆட்டப் பணத்திலிருந்து ஒரு டாலர் கிடையாது, விதி அப்போது அப்படி.

இப்போது அந்த விதி இல்லை. 2025 ஜூலை முதல் கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம், ஒரு கல்லூரி தன் வீரர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டாலர் வரை. பெரிய அணிகள் தந்துகொண்டிருக்கின்றன. சின்னக் கல்லூரிகளிடம் அவ்வளவு ஏது? இதற்கு நடுவே ஜார்ஜியா, டென்னசி போன்ற பெரிய அணிகள் இருக்கும் எஸ்.இ.சி. கான்ஃபரன்ஸ் 2026-இலிருந்து உள்ளுக்குள் ஒன்பது ஆட்டம் என்று முடிவெடுத்திருக்கிறது, ஆக வெளி அணியைக் கூப்பிட இருக்கும் சனிக்கிழமைகளும் குறையும். 2020-இல் கொரோனாவுக்காக மிச்சிகன் இருக்கும் பிக் டென் கான்ஃபரன்ஸ் வெளி ஆட்டங்களை ரத்து செய்தபோதே எத்தனை கல்லூரிகள் பட்ஜெட்டில் ஓட்டை விழுந்து தவித்தன!

அதனால் இந்த ஆட்டங்களை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒப்பந்தத்தில் ஒரே ஒரு பத்தியைச் சேருங்கள் என்கிறேன்: வருகிற தொகையில் இத்தனை சதவீதம் அன்றைக்குப் பேருந்தில் ஏறிப் போன எல்லா மாணவருக்கும், ஆடியவர், ஆடாமல் உட்கார்ந்திருந்தவர் என்ற வித்தியாசம் இல்லாமல். பத்து சதவீதம் என்றே வையுங்கள். 14 லட்சத்தில் 1 லட்சத்து 40 ஆயிரம், எழுபது பேர் போனால் ஆளுக்கு 2,000 டாலர். நோட்டர் டேமில் பந்தைக் கை தூக்கித் தடுத்தானே அந்தப் பையன், அவனுக்கு 2,000 டாலர்.