காலிப் பாத்திரம்

அனைவருக்கும் வணக்கம். நம் குடியிருப்போர் சங்க ஆண்டு விழாவில் என்னைப் பத்து நிமிடம் நன்றியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கடைசியில் நன்றியுரை சொல்லப் போகிறவருக்கு இரண்டே நிமிடம்தான். அவர் மன்னிக்க வேண்டும்.

என் அம்மா வீட்டில் யாரிடமும் நன்றி சொல்லி நான் கேட்டதில்லை. ஆட்டோக்காரரிடம் தேங்க்ஸ் சொல்கிறோம், கூரியர் தம்பியிடம் சொல்கிறோம். அதையே அம்மாவிடம் சொன்னால், "என்னடா, உடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். பழந்தமிழில் நன்றி என்றால் நன்மை என்று பொருள். செய்ந்நன்றி என்பது ஒருவர் நமக்குச் செய்த நன்மை. அதை மறக்காமல் இருந்தால் போதும். அம்மாவுக்கு இந்த இலக்கணமெல்லாம் தெரியாது. அவளிடம் ஒரே ஒரு சட்டம் உண்டு: பக்கத்து வீட்டிலிருந்து வந்த பாத்திரம் காலியாகத் திரும்பிப் போகக் கூடாது. ஒன்றும் இல்லையா, ஒரு கை சர்க்கரையாவது போட வேண்டும்.

மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கை இருந்தது. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயலில் அது அடியோடு சாய்ந்தது. காற்றுக்கு முருங்கை எந்தக் காலத்தில் தாங்கியிருக்கிறது! அப்பா அலட்டிக்கொள்ளவில்லை. கை கனத்துக்கு ஒரு போத்தை வெட்டி நட்டு, உச்சியில் சாணியை அப்பினார். மாம்பலத்தில் சாணிக்கா பஞ்சம்? கொஞ்ச நாளில் துளிர்த்துவிட்டது.

அப்புறம் 2019 கோடை. உங்களுக்கே தெரியும். சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு கிடந்தன. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கத்துக்கு வந்ததை டிவியில் ஏதோ ராக்கெட் விடுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த நாட்களிலும் அம்மா அரிசி களைந்த தண்ணீரைச் சேர்த்து வைத்து முருங்கைக்கு ஊற்றுவாள். "முருங்கைக்கு எதுக்குடி தண்ணி?" என்பார் அப்பா. அவர் சொன்னது நியாயம்தான், அது வறட்சி தாங்கும் மரம். அம்மா காதில் வாங்கவே இல்லை.

மாடி வீட்டு அக்காவுக்கு முழங்கால் வலி. லாரி வந்தால் அவருடைய இரண்டு குடத்தையும் நான்தான் தூக்கிப் போவேன். மறுநாளே ஒரு எவர்சில்வர் டப்பாவில் வத்தக்குழம்பு இறங்கி வரும். டப்பா முருங்கைக்கீரையோடு மேலே ஏறும். அடுத்த நாள் பருப்புத்துவையல். யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்ற கணக்கே குழம்பிப் போனது.

ஒருநாள் இரவு, சமையலறைக் குழாய் திடீரென்று இருமியது. காற்றை இருமி இருமி, செம்மண் நிறத்தில் கொஞ்சம் துப்பிவிட்டு, அப்புறம் தெளிந்த தண்ணீர். அப்பா டிவியை அணைத்தார். நான்கு பேரும் போய் அந்தக் குழாய் முன்னால் நின்றோம். யாரும் ஒன்றும் பேசவில்லை. அக்காதான் மேலேயிருந்து, "உங்களுக்கு வருதா?" என்று கத்தினார்.

அவர் இப்போது மகனோடு பெருங்களத்தூரில் இருக்கிறார். காலி செய்கிற அவசரத்தில், பெயர் வெட்டிய அந்த டப்பா எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. அம்மா அதில் ஒரு கடுகுகூடப் போட்டு வைக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அதில் முருங்கைக்கீரை அடையை அடுக்கி, என்னைக் கூட்டிக்கொண்டு மாம்பலம் ஸ்டேஷனில் செங்கல்பட்டு வண்டி ஏறினாள். அக்கா அடையை எடுத்து வைத்துவிட்டு, டப்பாவைக் கழுவித் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

திரும்பி வரும்போது வண்டியில் அம்மாவின் மடியில் அதே டப்பா. திறந்து பார்த்தேன், நிறைய மோர் மிளகாய்.